வைக்கோலுக்கும் ஒரு தொழிற்பேட்டை

கம்மாபுரம் வட்டாரத்தில் சம்பா அறுவடை முடிந்ததும் எந்திரம் உதறிச் சென்ற வைக்கோல் வயலிலேயே கிடக்கிறது. மாட்டுக்கே முதல் உரிமை. அதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. எஞ்சுவதைத் தீயிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

1930களில் சுவீடனில் வைக்கோலைச் சூடேற்றி அழுத்திப் பலகையாக்கினார்கள். பசையே தேவைப்படவில்லை, இருபுறமும் தடித்த காகிதம் ஒட்டினால் அறைத்தடுப்பு தயார். 'ஸ்ட்ராமிட்' என்ற பெயரில் அது பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரவியது.

அங்கே பயன்பட்டது பெரும்பாலும் கோதுமை வைக்கோல். மரத்தூள் பலகையைப் போலப் பசையிட்டு இறுக்க முனைந்தால் நெல் வைக்கோல் முரண்டு பிடிக்கும். அதன் மேல்தோலில் மெழுகும் சிலிக்காவும் மிகுதி. வழக்கமான யூரியா பசை சரிவரப் பற்றாது, வெட்டும் கத்தியும் விரைவில் மழுங்கும். (பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் சிலிக்காவுக்கு அஞ்சலாமா!) ஐசோசயனேட் பசை பற்றும், விலைதான் கடிக்கும்.

நம்மிடம் முந்திரி இருக்கிறது. அதன் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பிரேக் பட்டைகளுக்கான பிசினாகிறது. பலகைப் பசையாகவும் ஆய்ந்திருக்கிறார்கள். பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் வரை முந்திரி மண்தானே? கரும்புச் சக்கையில் காகிதம் செய்ய முடியும் என்று அரசின் புகழூர் ஆலை 1980களிலேயே காட்டிவிட்டது. பீங்கானுக்குத் தொழிற்பேட்டை கண்ட ஊரில் வைக்கோலுக்கு ஒரு சோதனைக்கூடமாவது அமைக்கக் கூடாதா?

ஒரு நிபந்தனை உண்டு. வைக்கோலுக்குரிய விலை உழவர் கையில் வந்து சேர வேண்டும். வயலைத் துப்புரவாக்கித் தருகிறோம் என்று சொல்லி இலவசமாக அள்ளிப்போகும் ஏற்பாடென்றால், அந்தப் பலகை எனக்கு வேண்டாம்.