பாட்டியின் சுருக்கங்கள் எங்கே?

கார்த்திகை தீபத்தன்று பாட்டி அகல் ஏற்றுவதைக் கைப்பேசியில் படம் பிடித்தீர்கள். ஆசையோடு பெரிதாக்கிப் பார்த்தால், முகமெல்லாம் ரவையைத் தூவினாற்போல் புள்ளி புள்ளி! புள்ளி நீக்கும் செயலியிடம் கொடுத்தீர்கள். புள்ளிகள் போயின, கூடவே பாட்டியின் சுருக்கங்களும் போய்விட்டன. பாட்டி மெழுகுப் பொம்மையாகிவிட்டாள்!

இந்தப் புள்ளிகளுக்குப் படக்கலைஞர்கள் வைத்திருக்கும் பெயர் 'இரைச்சல்'. காரணம், வெளிச்சப் பஞ்சம். முற்றத்தில் தூறல் விழும்போது ஒரு கல் நனையும், அடுத்த கல் நனையாது. கொட்டும் மழையில் எல்லாம் ஒன்றாக நனையும். வெளிச்சமும் அப்படித்தான்.

ஐ.எஸ்.ஓ. எண்ணை 3200க்கு ஏற்றினால் போதாதா? அதனால் வெளிச்சம் கூடிவிடாது. எட்டாத நிலையத்துக்காக ரேடியோவை உரக்க வைத்தால் கரகரப்பும் சேர்ந்துதானே உரக்கக் கேட்கும்?

வெளிச்சத்தைச் சேர்ப்பதே வழி. பாட்டிக்கு முன்னால் இன்னும் நாலு அகல் ஏற்றுங்கள். கைப்பேசியைச் செம்பில் சாய்த்து வைத்து, 2 விநாடி டைமர் போடுங்கள். விரல் பட்டு ஆடாது. வேகத்தை 1/60 விநாடியிலிருந்து 1/15 ஆக்கினால் நாலு மடங்கு வெளிச்சம் சேரும். இரைச்சல் ஏறக்குறையப் பாதியாகும். வேகத்தை மாற்றத் தெரியாவிட்டால் 'நைட் மோட்' இருக்கிறது. பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும்.

"கொஞ்சம் அசையாமல் இரு பாட்டி!" என்று மட்டும் கெஞ்சிக்கொள்ளுங்கள். சிரித்தால் விழும் அந்தச் சுருக்கங்கள்தாமே நம் பாட்டி? அவற்றை அழித்துவிட்டு, நாளைக்கு யாரை நினைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்பது?