இருபது ஆண்டு இரவல்

பூங்காவில் வைக்க ஒரு சிலையைச் சில காலத்துக்கு இரவல் கொடுப்பதும் வாங்குவதும் நகர நிர்வாகங்களுக்கு இன்று பழகிப்போன காரியம். அதில் தவறில்லை. ஒரு ஊரில் யாரும் பார்க்காமல் கிடக்கும் சிலை இன்னொரு ஊரில் பத்துப் பேர் கண்ணில் படுமானால் நல்லதுதான். ஆனால் லண்டனில் டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில் செய்ததை நல்ல இரவல் என்று நாம் ஒருபோதும் ஏற்க மாட்டோம். உழைக்கும் மக்கள் குடியிருப்புக்கென்று வந்த ஒரு சிலையை அவர்கள் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்கு அனுப்பிவிட்டு, பிறகு அதற்கே விலை பேசிய செயல் அது. அந்தத் தவறு இன்னும் முழுமையாகத் திருத்தப்படவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

சிலையின் பெயர் ‘ஆடை போர்த்தி அமர்ந்த பெண்’. செய்தவர் ஹென்றி மூர். வெண்கலம்; ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. கால்களை ஒருபக்கமாக மடித்து, ஒரு கையை ஊன்றி, எதையோ எதிர்பார்த்து நிமிர்ந்திருக்கும் பெண். உடலின் பருமனுக்குத் தலை சிறியது. கிட்டே போய்ப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது துணிதான். தொடைமீது இறுகி, முழங்காலுக்குக் கீழே மடிப்பு மடிப்பாகத் தொய்ந்து விழுகிறது. நனைந்த சேலையோடு படித்துறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தவர்களுக்கு அந்த மடிப்பு புதிதாக இருக்காது. அகன்ற மடி. கிழக்கு லண்டனின் ஸ்டெப்னிப் பகுதிக் குழந்தைகள் அந்த மடியில் ஏறி உட்கார்ந்து விளையாடி வளர்ந்தார்கள். ‘ஓல்ட் ஃப்ளோ’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். நம் ஊராக இருந்தால் ஃப்ளோ பாட்டி என்றிருப்போம்.

அந்தத் துணி மடிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. யார்க்‌ஷயரில் காசில்ஃபோர்டு என்ற ஊரில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1898இல் பிறந்தவர் மூர். 1940இல் ஜெர்மன் விமானங்கள் லண்டன்மீது இரவு இரவாகக் குண்டு பொழிந்தபோது மக்கள் நிலத்தடி ரயில் நிலையங்களிலும் கிடங்குகளிலும் போய்ப் படுத்தார்கள். அங்கே போர்வைக்குள் சுருண்டு கிடந்தவர்களை மூர் வரைந்தார். அவர் வரைந்த இடங்களில் ஒன்று ஸ்டெப்னியின் டில்பரி கிடங்கு. ஆயிரக்கணக்கான கிழக்கு லண்டன் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து உயிர் காத்துக்கொண்ட இடம் அது. அன்று போர்வையில் பார்த்த மடிப்புகள்தான் பின்னாளில் வெண்கலத்தில் வந்தன. ஆகவே இந்தச் சிலை ஸ்டெப்னிக்கு வந்தது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை. அந்த மண்ணின் துயரத்திலிருந்து எடுத்ததை அந்த மண்ணுக்கே திருப்பிக் கொடுத்ததாகத்தான் பார்க்கிறோம்.

போருக்குப் பிந்தைய லண்டன் மாநகர கவுன்சில் ஆண்டுக்கு 20,000 பவுண்டு ஒதுக்கி, பள்ளிகளிலும் கவுன்சில் குடியிருப்புகளிலும் வைக்கக் கலைப்படைப்புகளை வாங்கியது. குண்டுவீச்சில் வீடிழந்தவனுக்குக் கூரை கொடுத்தால் மட்டும் போதாது, வாசலில் ஓர் அழகான பொருளும் வேண்டும் என்று நினைத்த நிர்வாகம் அது. அந்த நினைப்பை மதித்து மூர் சந்தை விலையைவிடக் குறைவாகச் சிலையைக் கொடுத்தார். 1962இல் ஸ்டிஃபோர்டு குடியிருப்பின் அடுக்குமாடிகளுக்கு நடுவே அது வைக்கப்பட்டது.

1990களின் பிற்பகுதியில் அந்த அடுக்குமாடிகளை இடிக்க முடிவானது. சிலையைப் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது. 1997இல் அதை யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவுக்கு இரவலாக அனுப்பினார்கள். அதுவரை நியாயமே. சிற்பங்களுக்கென்றே 1977இல் தொடங்கிய பூங்கா அது. புல்வெளியில் செம்மறிகள் மேய, நடுவே மூரின் சிலைகள் நிற்கும். இரவல் வாங்கியவர்கள்மேல் நமக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை கொடுத்தவர்கள்மேல். ஸ்டெப்னியிலிருந்து அந்தப் பூங்கா ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அந்த மடியில் விளையாடிய குழந்தை வளர்ந்து, தன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்ட வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியும் ரயில் கட்டணமும் கையில் வேண்டும். பழைய கட்டடம் போய்ப் புதுக் கட்டடம் எழுந்த பிறகும் சிலை திரும்பவில்லை. ஐந்து ஆண்டு போயிற்று, பத்து ஆண்டு போயிற்று. தற்காலிகம் என்ற சொல்லின் பெயரால் ஒரு தலைமுறையே அந்தச் சிலையைப் பார்க்காமல் வளர்ந்தது.

நம் ஊரில் கல்யாண வீட்டுக்கு அண்டா இரவல் கொடுப்பவர்கள் விளிம்பில் பெயர் வெட்டி வைத்திருப்பார்கள். பந்தி முடிந்ததும் எந்த வீட்டுக்கு எது போக வேண்டும் என்பதில் குழப்பம் வராது. திரும்பி வராவிட்டால் மறுநாள் காலையில் ஆள் அனுப்பிக் கேட்பார்கள். ஒரு பித்தளை அண்டாவுக்கு நாம் காட்டும் இந்தக் கவனத்தை, ஒரு நகர நிர்வாகம் மக்கள் சிலைக்குக் காட்டவில்லை.

காட்டாததன் விளைவு 2012இல் தெரிந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் மூரின் வேறொரு சிலை ஏலத்தில் 1.9 கோடி பவுண்டுக்குப் போனது. நவம்பரில், மேயர் லுட்ஃபுர் ரஹ்மான் தலைமையிலான டவர் ஹாம்லெட்ஸ் நிர்வாகம் ஃப்ளோவை விற்க முடிவெடுத்தது. இரண்டு கோடி பவுண்டு வரை கிடைக்கும் என்று பேச்சு. மத்திய அரசு நிதியை வெட்டுகிறது, வீடுகள் கட்டப் பணம் வேண்டும், சிலையைத் திரும்பக் கொண்டுவந்தால் காவலுக்கும் காப்பீட்டுக்கும் செலவாகும் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள்.

நிதி வெட்டு உண்மை. அந்தப் பகுதியின் வறுமையும் உண்மை. திருட்டுப் பயமும் வெறும் சாக்கு அல்ல. 2005இல் மூர் வாழ்ந்த இடத்திலிருந்தே ஒரு வெண்கலச் சிலையைத் தூக்கிப்போனார்கள்; அதை உருக்கியிருப்பார்கள் என்று கருதப்படுகிறது. 2011 டிசம்பரில் தெற்கு லண்டன் டல்லிச் பூங்காவிலிருந்து பார்பரா ஹெப்வொர்த்தின் சிற்பத்தை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரரே பொருளை விற்றுவிடுவது காவல் ஆகுமா? சிலையைத் தன் டாக்லேண்ட்ஸ் வளாகத்தில் வைத்துக்கொள்வதாக லண்டன் அருங்காட்சியகம் முன்வந்தது. அதே டவர் ஹாம்லெட்ஸ் எல்லைக்குள் இருக்கும் இடம். அதையும் தள்ளிவிட்டு ஏலக் கடைக்குப் போனதைத்தான் மன்னிக்க முடியவில்லை. மூரின் மகள் மேரி மூர், திரைப்பட இயக்குநர் டேனி பாயல், டேட் அருங்காட்சியகங்களின் தலைவர் நிக்கோலஸ் செரோட்டா முதலியோர் பகிரங்கக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். நாமும் அவர்கள் பக்கமே நிற்கிறோம். கலைஞன் ஏழைக்காக விட்டுக்கொடுத்த விலை, பின்னால் வரும் நிர்வாகம் எடுத்துக்கொள்ளும் லாபம் அல்ல.

விற்பனை அப்போதைக்கு நின்றதற்குக் காரணம் இன்னும் விசித்திரமானது. சிலை எங்களுடையது என்று லண்டனின் இன்னொரு பகுதியான ப்ரோம்லியின் கவுன்சில் வழக்குக்கு வந்தது. சிலையை வாங்கிய மாநகர கவுன்சிலுக்குப் பின் வந்த நிர்வாகம் 1986இல் கலைக்கப்பட்டபோது மிஞ்சிய சொத்துகள் கடைசியில் ப்ரோம்லியிடம் சேர்ந்தன என்பது அவர்கள் வாதம். 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலை தரையோடு சேர்ந்த பொருள் அல்ல. ஆகவே நிலம் கைமாறியபோது அது கூடவே டவர் ஹாம்லெட்ஸுக்குப் போகவில்லை. முதலில் உரிமை ப்ரோம்லிக்கே. ஆனால் டவர் ஹாம்லெட்ஸ் அதைத் தன் பொருள்போல எடுத்து யார்க்‌ஷயருக்கு இரவல் கொடுத்தபோது ப்ரோம்லி கேட்கவில்லை. சட்டம் தந்த ஆறு ஆண்டுக் கெடு கடந்துவிட்டது. ப்ரோம்லியின் உரிமையும் அதோடு போய்விட்டது.

பூங்காவுக்குச் சிலை இரவல் தரவும் வாங்கவும் யோசிக்கும் ஒவ்வொரு நகர நிர்வாகமும் இந்தத் தீர்ப்பை இரண்டு முறை படிக்க வேண்டும். தன்னுடையதுதானா என்று தெளிவாகத் தெரியாத ஒரு பொருளை ஒரு நிர்வாகம் இரவல் கொடுத்திருக்கிறது. அந்த இரவலே அதற்கு உரிமைப் பத்திரம் ஆகிவிட்டது. உரிய கவுன்சில் தூங்கிக்கொண்டிருந்தது. சிலையின் உண்மையான சொந்தக்காரர்களான ஸ்டெப்னி மக்கள் இந்த வழக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

2015இல் புதிதாக வந்த மேயர் ஜான் பிக்ஸ் விற்பனையைக் கைவிட்டார். 2017 அக்டோபரில், 20 ஆண்டுக்குப் பிறகு, ஃப்ளோ கிழக்கு லண்டனுக்குத் திரும்பினாள். அதற்காக அவரைப் பாராட்டுகிறோம். ஆனால் எங்கே வைத்தார்கள்? வங்கிக் கோபுரங்கள் நிற்கும் கேனரி வார்ஃபில், தனியார் நிறுவனம் நடத்தும் வளாகத்தின் கேபட் சதுக்கத்தில். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்பது சரி. ஆனாலும் கவுன்சில் வீட்டுக் குழந்தைகளுக்கென்று கொடுத்த பாட்டியைக் கோட்டும் டையும் அணிந்தவர்கள் மதிய உணவுக்குப் போகும் வழியில் உட்கார வைப்பது வீடு திரும்புதல் ஆகாது.

விற்க முடிவெடுத்த ரஹ்மானின் பதவியை 2015 ஏப்ரலில் தேர்தல் நீதிமன்றம் பறித்தது. 2022இல் மக்கள் வாக்களித்து அவரே மீண்டும் மேயரானார். மேயர்கள் வருவார்கள், போவார்கள். அடுத்த நிதி நெருக்கடியும் வரும். அப்போது மறுபடி ஒருவர் சிலையைப் பார்த்துக் கணக்குப் போடாதபடி இப்போதே கதவை அடைக்க வேண்டும்.

டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சிலே, 2012இல் எடுத்த முடிவு தவறு என்று மன்றத்தில் பதிவு செய்யுங்கள். எந்த நிர்வாகமும் இந்தச் சிலையை விற்க முடியாதபடி சட்டப்படி ஓர் அறக்கட்டளையில் கட்டிவையுங்கள். இனி எந்தச் சிலையை எந்தப் பூங்காவுக்கு இரவல் கொடுத்தாலும், அது யாருடையது, என்று திரும்பும், எந்த இடத்துக்குத் திரும்பும், பராமரிப்புச் செலவு யாருடையது என்பதை அனுப்புவதற்கு முன்பே எழுதி ஊரார் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். ஃப்ளோவுக்கு ஸ்டெப்னியிலோ அதை ஒட்டியோ பொது நிலத்தில், வீடுகளுக்கு நடுவே, குழந்தைகள் ஏறி உட்காரக்கூடிய உயரத்தில் நிலையான இடம் கொடுங்கள். எந்தத் தெரு என்பதை அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.