பத்தாயிரம் கட்டியாச்சு, வண்டி இழுக்கவில்லை

20 ஆண்டு தாண்டிய கார், ஜீப் வகை வண்டிகளுக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஆகஸ்டில் அறிவிக்கை வெளியிட்டது. அதிலிருந்து பட்டறைக்கு வருகிற கேள்வியே மாறிவிட்டது. "இன்னும் எத்தனை வருஷம் ஓட்டலாம்" என்று கேட்டவர்கள் இப்போது "கட்டலாமா, வித்துடலாமா" என்கிறார்கள். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது. இப்போது அதிலும் இரண்டு மடங்கு. நம் இதழின் நிலை என்ன என்று வாசகர்கள் எழுதிக் கேட்கிறார்கள். கட்டணம் அதிகம், சந்தேகமில்லை. பழைய வண்டியைச் சோதித்துத்தான் ரோட்டில் விட வேண்டும் என்பதிலும் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பத்தாயிரத்துக்கு யாரும் வண்டியின் இன்ஜினைப் பார்ப்பதில்லை. நம் குறை அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வரம்பில் இப்போது வந்து நிற்பவை 2005 வாக்கில் இறங்கிய டீசல் எஸ்யுவிகள். ஸ்கார்ப்பியோ சிஆர்டிஇ, சஃபாரி டைகோர் என்று காமன் ரெயில் நம் ஊருக்குள் பரவலாக நுழைந்த முதல் தலைமுறை அது. அவை கொண்டுவரும் புகாரும் பெரும்பாலும் ஒன்றுதான்: பிக்கப் இல்லை, மேடேறினால் மூச்சு வாங்குகிறது, சில சமயம் லிம்ப் மோடில் விழுந்து 2,500 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஏறுவதில்லை. இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. மூன்றாம் கியரில் மேட்டில் ஃபுல் த்ராட்டில்; கேட்ட ரெயில் பிரஷர், கிடைத்த ரெயில் பிரஷர், கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட் ஆகிய நான்கு கோடுகளும் ஒரே திரையில். ரெயில் பிரஷர் சரிந்தால் டீசல் பக்கம்: டேங்க் ஸ்ட்ரெய்னர், ஃபில்டர், மீட்டரிங் வால்வு, இன்ஜெக்டர் ரிட்டர்ன். பூஸ்ட் சரிந்தால் காற்றுப் பக்கம். இரண்டும் சரியாக வந்தும் இழுக்கவில்லையென்றால் சைலன்சர் அடைப்பு, கிளட்ச் ஸ்லிப், பிரேக் பிடித்துக்கொள்வது.

புகைச் சோதனை இதில் எதைக் கண்டுபிடிக்கிறது? இன்டர்கூலர் ஹோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப்புக்கு ஒரு விரல் தள்ளி, கீழ்ப்பக்கமாக, ஆயில் கசிந்து ஊறிய இடத்தில் வெடிப்பு விட்டிருக்கும். மேலிருந்து டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. ஐடிலில் கை வைத்தாலும் காற்று வராது. சூடேறி, லோடு வந்து, பூஸ்ட் ஏறும்போதுதான் அது வாய் திறக்கும். அந்த வண்டி கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏறுவதற்குள் பின்னால் வருகிறவன் முகத்தில் கரியைப் பூசிவிடும். அதே வண்டியைப் புகைச் சோதனை மையத்தில் நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை மிதியுங்கள். லோடு இல்லை, பூஸ்ட் முழுசாக ஏறுவதற்குள் இன்ஜின் கவர்னர் வேகத்தைத் தொட்டுவிடும். கே-மதிப்பு, பிஎஸ்-4க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கான 2.45 என்ற வரம்புக்குள் சௌகரியமாக நிற்கும். சான்றிதழ் கிடைக்கும். டீசல் குறைவாகப் போய் இழுக்காத வண்டியின் கதை இதைவிட வேடிக்கை. எரிக்க டீசலே இல்லாததால் அது புகையே விடாது. சோதனையில் முதல் மார்க் வாங்கும். பழைய மெக்கானிக்கல் பம்ப்பில் சோதனைக்கு முன் ஸ்க்ரூவைக் குறைத்து, முடிந்ததும் ஏற்றிவிடும் கைவேலை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். அந்தச் சோதனை எதை அளக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே, அந்த நான்கு கோடுகள்தான் உண்மையான சோதனை. அவற்றைத் திரையில் கொண்டுவர இசியு பேச வேண்டும். அது பேசுவதில்லை.

இந்தியாவில் ஓபிடி-1 கட்டாயமானது 2010 ஏப்ரலில், பிஎஸ்-4 வண்டிகளோடு. ஓபிடி-2 வந்தது 2013 ஏப்ரலில். அதற்கு முன் இறங்கிய வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். ஆனால் அதன் உள்ளே எந்த மொழியில் பேச வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்தபடி எழுதிக்கொண்டது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் புளூடூத் ரீடரைச் செருகினால் 'தொடர்பு இல்லை' என்று காட்டிவிட்டு நிற்கும். மல்டிபிராண்ட் ஸ்கேனர் வாங்கியவர்களிலும் பலருக்குப் பிழைக் குறியீடு மட்டும்தான் கிடைக்கிறது. கேட்ட மதிப்பும் கிடைத்த மதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வருவதில்லை. பி0087 என்று வந்தால் ரெயில் பிரஷர் குறைவு என்று தெரியும். ஐடிலில் குறைவா, லோடில் குறைவா? பம்ப்பா, ஃபில்டரா? அது கம்பெனி டூலில் மட்டும். அங்கே போய்க் கேட்டால், அந்த மாடலை நிறுத்திப் பல வருஷம் ஆச்சு, சாஃப்ட்வேரில் அது இல்லை என்பார்கள். இன்ஜெக்டர் மாற்றினால் அதன் குறியீட்டை இசியுவில் எழுத வேண்டிய வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். வேலையை முடித்த கையோடு வண்டியை ரெக்கவரியில் ஏற்றி எதிராளியின் ஷோரூமுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

அரசு எந்த வயது வண்டிக்கு அதிகக் கட்டணம் கேட்கிறதோ, சரியாக அந்த வயது வண்டிக்குத்தான் நோய் என்னவென்று பார்க்கும் வழி சட்டப்படி திறக்கப்படவே இல்லை. ஓபிடி விதியை எழுதியதும் இதே அமைச்சகம். முன்னர் இறங்கிய வண்டிகளை என்ன செய்வது என்று அப்போது யோசிக்காதவர்கள், இப்போது அவற்றுக்குக் கட்டணம் போட மட்டும் யோசித்திருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தில் இதை எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. ஸ்பேர் பார்ட்ஸ், டயக்னாஸ்டிக் டூல், ரிப்பேர் மேனுவல் எல்லாவற்றையும் வெளிப்பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று தெளிவாகவே உத்தரவிட்டது. அன்று நம் பட்டறைகளில் இனிப்பு வழங்கினார்கள். அப்புறம் மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று ஆண்டுகள் ஓடின. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வாகனமும் அதன் நான்கு துறைகளில் ஒன்று. திறந்து பார்த்தேன். கம்பெனி அழைப்பு எண், சர்வீஸ் சென்டர் முகவரி, வாரன்டி விவரம். வயரிங் வரைபடம் தேடி வந்த மெக்கானிக்கை இது மறுபடியும் ஷோரூம் வாசலிலேயே கொண்டுபோய் விடுகிறது. ஐரோப்பாவில் 2007இலேயே, 715 என்ற எண்ணுள்ள விதிமுறையில், வெளிப்பட்டறைக்குப் பழுதுபார்ப்புத் தகவலைத் தர வேண்டியது கம்பெனியின் கடமை என்று எழுதிவிட்டார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டுதான் தருகிறார்கள், தரட்டும். நாமும் இலவசமாகக் கேட்கவில்லை.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்த நான்கு கோடுகள் கிடைக்கவில்லை என்பதைச் சாக்காக வைத்து, 'டர்போ போச்சு சார்' என்று முதல் நாளே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈஜிஆருக்குத் தகடு போட்டு அடைத்துவிட்டு, பிக்கப் வந்துவிட்டது என்று கணக்கு முடிப்பவர்களும் இருக்கிறார்கள். டூல் இல்லாமலும் செய்ய வேண்டியவை ஏராளம். நான்கு இன்ஜெக்டருக்கும் நான்கு பாட்டில் கட்டி ரிட்டர்ன் அளவைப் பாருங்கள். ஒன்று மட்டும் வேகமாக நிறைந்தால் அதற்கு எந்த ஸ்கேனரும் வேண்டாம். இன்டர்கூலர் பாதையை இரு முனையிலும் அடைத்து, காற்றேற்றி, சோப்பு நீர் ஊற்றுங்கள். மேப் சென்சார் அளவு கிடைக்கிற வண்டியில், சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள்: சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி, ஊட்டியில் 78ஐ ஒட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் சென்சார் பொய் சொல்கிறது, டர்போவைக் கழற்றாதீர்கள்.

கோரிக்கை இரண்டு. 20 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கும்போது, லோடில் எடுத்த ரெயில் பிரஷர், பூஸ்ட் பதிவை, யார் எடுத்திருந்தாலும், ஆய்வாளர் ஏற்க வேண்டும். அந்தப் பதிவை எடுப்பதற்கான புரோட்டோகால் விவரத்தை, 2013க்கு முன் இறங்கிய மாடல்களுக்குக் கம்பெனிகள் நியாயமான விலைக்கு வெளியிட வேண்டும். மாடல் நிறுத்தப்பட்டது என்பது பதிலாகாது. பத்தாயிரத்தை வாங்குகிற அமைச்சகமே இதற்கும் அறிவிக்கை போடலாம். போடுவார்கள் என்று நான் நம்பவில்லை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேலை. உங்கள் பட்டறைக்கு வந்த எந்த மாடல், எந்த ஆண்டு வண்டியில் எந்த ஸ்கேனர் எதுவரை பேசியது, எங்கே நின்றது என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். ஸ்கேனர் பெயர், சாஃப்ட்வேர் பதிப்பு, லைவ் டேட்டா வந்ததா இல்லையா, இவ்வளவு போதும். வண்டி எண் வேண்டாம், வாடிக்கையாளர் பெயரும் வேண்டாம். வருவதை மாடல்வாரியாக அட்டவணையாக்கி அடுத்த இதழ் முதல் நடுப்பக்கத்தில் போடுகிறோம்.