பிடியரிசியும் நேர்முகத் தேர்வும்

பி.யூ.சி. தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழும் நம்மவர் வீடுகளில் கல்லூரிப் பேச்சுதான். ஓசூர் சாலையிலுள்ள கிறைஸ்ட் பல்கலைக்கழகத்தின் பெயர் அந்தப் பேச்சில் அடிபடாமல் இராது.

1969-ல் கல்லூரியாகத் தொடங்கி, 2008-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இது. கலை, விஞ்ஞானம், வணிகவியல், நிர்வாகம், சட்டம், என்ஜினீயரிங் எனப் பல துறைகளில் பட்டப்படிப்புகள் உண்டு. நடத்துவோர் சி.எம்.ஐ. என்னும் கத்தோலிக்கத் துறவியர் சபையினர்.

"கிறிஸ்தவர்கள் நடத்துவதாயிற்றே, நம் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா?" என்று சிலர் கேட்கின்றனர். அந்த அச்சம் வேண்டியதில்லை. பிற மதத்தவரும் அங்கே பெருமளவில் படிக்கின்றனர். தடை வேறிடத்தில் இருக்கிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அங்கே இடம் தருவதில்லை. பல படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு, சிறு உரை, நேர்முகத் தேர்வு எல்லாம் உண்டு. கான்வென்ட்டில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் தயங்காமல் பேசிவிடும். சர்க்கார் பள்ளியில் படித்த தொழிலாளியின் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தும் வாயடைத்து நிற்கும். அறிவில் குறைவில்லை, பழக்கம்தான் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? சிறுபான்மையினர் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு வழங்குகிறது. அரசு உதவி பெறாத கல்லூரிகள் தாமே மாணவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தேர்வு நியாயமாகவும் ஒளிவு மறைவின்றியும் தகுதியை ஒட்டியும் இருக்கவேண்டும் என்று 2002-ல் டி.எம்.ஏ. பய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. தனியார் கல்லூரிகளிலும் இட ஒதுக்கீடு கொண்டுவர வழிசெய்த 93-வது திருத்தம், சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு அளித்துவிட்டது. ஆகவே ஏழைப் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைப்பது பெரும்பாலும் நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்ததே.

அந்த மனத்துக்கு ஒரு மரபு உண்டு. சபையை நிறுவியவர்களில் ஒருவரான குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா அடிகள், 1846-ல் கேரளத்து மான்னானத்தில் சமஸ்கிருதப் பள்ளி தொடங்கினார். மாதா கோயில்தோறும் பள்ளிக்கூடம் வேண்டுமென்று வற்புறுத்தினார். வீடுதோறும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து, அதைக்கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் 'பிடியரிசி' முறையை வளர்த்தவர் அவர். 2014-ல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

அந்த மரபில் வந்தவர்கள், நேர்முகத் தேர்வில் பேச்சின் சரளத்தை மட்டும் எடைபோடாமல், பிள்ளை எந்தச் சூழலிலிருந்து படித்து வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். எதற்கு எவ்வளவு மதிப்பெண், கட்டணச் சலுகை எத்தனை பேருக்கு என்பதைப் பெற்றோருக்கு விண்ணப்பிக்கும்போதே தெளிவாகச் சொல்லவேண்டும். இது தயவு அல்ல; கோர்ட் சொன்ன நியாயமே.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "இடம் வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகரிடம் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். நன்கொடை வசூலைத் தடுக்கும் சட்டம் கர்நாடகத்தில் 1984-லேயே வந்துவிட்டது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் கல்லூரி திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு இட்ட உத்தரவு. சேர்ந்தபின் விலகினால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு பணம் திரும்பும் என்பதைக் கட்டணம் கட்டுமுன் கேட்டு, ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பிள்ளையை நேர்முகத் தேர்வுக்குப் பல மாதம் முன்பிருந்தே நாலு பேர் முன்னால் பேசப் பழக்குங்கள். அதற்குச் செலவில்லை.