இடைச்சுரத்தில் கண்டோர்

தொல்காப்பிய அகத்திணையியலில் கண்டோர் கூற்றுக்கென்று ஒரு நூற்பா உண்டு. தலைவனும் தலைவியும் உடன்போக்கில் செல்லும்போது எதிர்ப்படும் அயலார் என்னென்ன பேசலாம் என்று அது வகுக்கிறது. பொழுது சாய்ந்ததையும் வழியின் அச்சத்தையும் எடுத்துக்காட்டலாம். எம் ஊர் அண்மையில் உள்ளது, நும் ஊர் தொலைவில் உள்ளது என்று அன்போடு சொல்லலாம். அவர்கள் நெஞ்சோடு தம் நெஞ்சும் ஒன்றி, வருந்தி வழியனுப்பலாம். தேடி வரும் தாயைத் தடுக்கலாம், போக விடலாம். இருவரையும் நிறுத்தி வைத்து உறவுமுறைக்குச் சான்று கேட்பதற்கு மட்டும் அந்நூற்பாவில் இடமில்லை.

குறுந்தொகையின் ஏழாம் பாட்டு, பெரும்பதுமனார் பாடியது, இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூங்கில் அடர்ந்த சுரத்தில் ஓர் இணை செல்கிறது. அவன் காலில் கழல். அவள் காலில் சிலம்பு. மணத்துக்கு முன் சிலம்பு கழிக்கும் சடங்கு உண்டாதலால், சிலம்பு இன்னும் காலில் கிடப்பதன் பொருள் பார்ப்பவர்க்கு விளங்கும். மணம் ஆகவில்லை. கண்டோர் அதைக் கண்டுகொள்கின்றனர். கண்டபின் அவர்களுக்கு எழுவது இரக்கம் மட்டுமே. இவர்கள் யாரோ, பாவம், என்று தமக்குள் சொல்லிக்கொண்டு நின்றுவிடுகின்றனர்.

நிற்க. ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் இப்பாட்டை இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் உண்டு. சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை மாலை, தேநீர் ஆறுவதற்குள் நாங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம்: சவ்வாது மலைக்குப் போவது, வானத்தின் கீழ் ஓர் இரவு படுத்துவிட்டு வருவது. கூடாரம் எங்களிடம் இல்லை. ஒரு கோரைப்பாய், ஒரு தார்ப்பாய், இரண்டு போர்வை, தண்ணீர்க் குடுவை, பழைய மோட்டார் சைக்கிள். எம் மாமியார் வாயிலில் நின்று, "எந்தக் கோயிலுக்குடா?" என்றார். "கோயிலுக்கு இல்லைம்மா, சும்மா" என்றார் எம் துணைவர். அந்தச் 'சும்மா' அவருக்குப் புரியவில்லை.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. இரவை வெளியில் கழிப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடிய விடிய நடக்கிறார்கள். திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாள்களில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து விடியும்வரை கூத்துப் பார்க்கிறார்கள். ஆனால் தெய்வம் உடன் இருக்க வேண்டும், உறவினர் பத்துப் பேராவது சூழ இருக்க வேண்டும். இருவர் மட்டும், வேண்டுதல் ஏதுமின்றி, இரவில் வெளியே கிடப்பது என்பதுதான் எண்ணத்துக்கே வராத செயல்.

ஆரணியில் பட்டுத்தறி உள்ள வீடுகளில் கணவனும் மனைவியும் பகல் முழுதும் ஒரே கூரையின்கீழ் உழைக்கின்றனர். ஒருவர் குழியில் காலிறக்கி நெய்கிறார். மற்றவர் இராட்டையில் தார் சுற்றித் தருகிறார். அத்தனை நெருக்கமும் உழைப்பின் நெருக்கம். அவ்வீடுகளிலிருந்து எங்கள் வகுப்புக்கு வரும் மாணவியர், தம் பெற்றோர் இருவர் மட்டுமாக ஓரிடத்துக்குப் போனதைப் பார்த்ததே இல்லை என்கின்றனர். துணிக்கடைக்குக்கூட யாரேனும் ஒரு பிள்ளை உடன் செல்லுமாம்.

போளூரைக் கடந்து அத்திமூர் வழியாக மலையேற வேண்டும். ஏற்றம் தொடங்குமுன் இருட்டிவிட்டது. ரோந்து வந்த காவலர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். கைவிளக்கு எம் முகத்தில் விழுந்து, பிறகு கழுத்துக்கு இறங்கி, அங்கேயே நின்றது. குளிருக்குப் போர்த்திய சால்வைக்குள் தாலி மறைந்திருந்தது. "யாருய்யா இவங்க?" என்ற வினா எம் துணைவரை நோக்கியது. எம்மிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. "ப்ரூஃப் இருக்கா?" என்பது அடுத்த வினா. ஆதார் அட்டையில் முகவரிக்கு மேலே கணவர் பெயர் அச்சாகியிருந்ததால் வண்டி நகர்ந்தது. அன்று காலில் சிலம்பு, இன்று கழுத்தில் தாலி, பார்வை பழையதுதான். பார்த்தபின் நேர்வதுதான் மாறிவிட்டது.

மலைமேல் ஓர் ஊரின் விளிம்பில், அறுவடை முடிந்த கொல்லைக்கருகே வண்டியை நிறுத்தி, நிலத்துக்குரிய மலையாளிப் பெரியவரிடம் படுக்க இடம் கேட்டோம். "மணி ஒன்பதாச்சு, பனி கொட்டும். அதுக்கு மேல காடு, போவாதீங்க. கொல்லையில படுக்குறதுன்னா படுங்க. இல்லன்னா நம்ம திண்ணையில இடம் இருக்குது சார். அம்மாவுக்குக் கம்பளி எடுத்தாரச் சொல்றன்." பொழுது, வழி, அண்மையிலுள்ள வீடு என்று தொல்காப்பியர் சொன்ன வரிசை பிறழாமல் பேசி முடித்தார். எங்கள் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

அந்த இரவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இதே மலைத்தொடரில் உள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால் இங்குள்ள இருளின் தரத்தை உணரலாம். கடன், சமையல், மகளின் கட்டணம் என்ற மூன்றும் பேச்சில் வராமல் கழிந்த இரவு எங்கள் இல்லறத்தில் அதற்குமுன் இருந்ததாக நினைவில்லை.

1952இல் சே குவேராவும் நண்பர் அல்பெர்த்தோ கிரனாதோவும் ஒரு நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் தென் அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டார்கள். வண்டி சிலி நாட்டிலேயே கைவிட்டுவிட்டது. இருப்பினும் அது உலகறிந்த பயணநூலாயிற்று. இரண்டு ஆண்கள் திட்டமின்றிப் போனால் அது பயணம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போனால் அது வழக்கு.

விடுதிக்குப் போகலாமே என்பர். மணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவது எந்தச் சட்டப்படியும் குற்றமன்று என்று சென்னை உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரிலேயே, கோயம்புத்தூர் விடுதி ஒன்றைப் பற்றிய வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் 2025 சனவரியில் ஓயோ நிறுவனம் மீரட் நகரில் தொடங்கி, வரும் இணையரிடம் உறவுச் சான்று கேட்கும் புதிய விதியை அறிவித்தது. நீதிமன்றம் ஒன்று சொல்ல, வரவேற்பு மேசை வேறொன்று சொல்கிறது. நாற்பதைக் கடந்த, முறைப்படி மணந்த எங்களுக்கே இந்த விசாரணை என்றால், இருபத்திரண்டு வயதுக் காதலர் இருவரின் நிலை என்னவென்று எண்ணிப் பார்க்கலாம். எங்களைக் காத்தது ஓர் அட்டை. அவர்களிடம் அது இராது.

பாதுகாப்பு என்ற வாதத்தை நாங்கள் ஒதுக்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தனர். அதன்பின் வந்த கட்டுப்பாடுகள் தேவையானவை. காப்புக்காட்டுக்குள் இசைவின்றி நுழைவது தவறு, நாங்களும் நுழையவில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டம் 40 வழித்தடங்களை வழிகாட்டிகளுடன் திறந்தது, நல்ல செயல். ஆயினும் அது முன்பதிவு செய்வோர்க்கு உரியது. தேநீர் ஆறுவதற்குள் கிளம்புகிறவர்க்கு அங்கே இடமில்லை. மேலும், தீயிலிருந்து காப்பது வேறு, கழுத்தைப் பார்ப்பது வேறு. முன்னதன் பெயரால் பின்னதும் நடந்துவிடுகிறது.

முற்காலத்தில் பெருவழிகளில் சத்திரமும் சாவடியும் இருந்தன. சாதி அங்கே கேட்கப்பட்டது என்பதை மறந்து அவற்றைப் போற்றுவது எம் நோக்கமன்று. எனினும், வழிப்போக்கர்க்கு இரவில் படுக்க இடம் வேண்டும் என்ற எண்ணமாவது அக்காலத்துக்கு இருந்தது. சமுனாமரத்தூரில் கோடை விழா நடத்தும் அரசுக்கு, அதே ஊரில் வேலியிட்ட ஒரு திடலும், தண்ணீர்க் குழாயும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறையும், இரவுக் காவலுக்கு அவ்வூர்ப் பெண் ஒருவரும் பெரிய செலவல்ல. வருகிறவர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் அடையாள எண்ணையும் தனித்தனியே எழுதட்டும். அந்தப் பதிவேட்டில் 'உறவுமுறை' என்றொரு கட்டம் அச்சிட வேண்டாம்.