வழக்கைத் தொடுக்கலாம், ராஜி ஆகலாமா?

கூடலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடை போடும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கிலோவாகக் கழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பெண்களும் முணுமுணுப்பார்கள். மனுவில் கையெழுத்து கேட்டால், "என் பேரை இழுத்துடாதீங்கண்ணே" என்பார்கள். குடியிருக்கும் லைன் வீடு எஸ்டேட்டுடையது. வேலை போனால் வீடும் போகும். இவர்கள் சம்மதிக்கட்டும் என்று சங்கம் காத்திருந்தால், அந்தப் புகார் மலையை விட்டு இறங்கவே இறங்காது.

1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டம் சங்கத்திடம் சம்மதக் கடிதம் கேட்கவில்லை. அசாமின் திமாகுச்சி தேயிலைத் தோட்டத்தில் நீக்கப்பட்ட மருத்துவர் ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்; சங்கம் விடவில்லை. 1958-இல் உச்ச நீதிமன்றத்தில் சங்கம் தோற்றது. அவர் சட்டப்படி தொழிலாளி அல்ல, அவர் பிரச்சினையில் தொழிலாளர்களுக்குப் பொதுநலனும் இல்லை என்பதே காரணம்; அவர் சம்மதம் பெறவில்லை என்பதல்ல.

எனக்கு உறுத்துவது 1961-இல் வந்த ராம் பிரசாத் விஸ்வகர்மா தீர்ப்பு. வேலை இழந்தவர், தன் சார்பில் சங்கச் செயலாளர் வேண்டாம், சக தொழிலாளர்கள் பேசட்டும் என்றார். சங்கம் ஆஜரான பிறகு தனியாக வர முடியாது என்றது நீதிமன்றம். கூட்டுப்பேரத்தின் பலம் அதில்தான் இருக்கிறது என்பது வாதம். சரி, ஆனால் போனது அவருடைய வேலை. 1965-இல் 1947 சட்டத்தில் 2ஏ பிரிவு வந்து, நீக்கப்பட்டவர் சங்கம் இல்லாமலும் தகராறு எழுப்பலாம் என்றானது. போனஸும் கூலியும் சங்கத்தின் கையிலேயே இருந்தன.

அந்தக் கையை 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் தட்டிவிட்டார்கள். 10 சதவீத போனஸை ஏற்க மறுத்து 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்த இந்தப் பெண்கள், சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே விடவில்லை. போனஸ், கருணைத்தொகை எல்லாம் சேர்த்து 20 சதவீதம் வாங்கினார்கள். பிறகு கூலிப் பேச்சு நடந்த மேஜையில் உட்கார்ந்தவர்கள் என்னவோ பழைய சங்கத்தினர்தான்.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 51 சதவீத ஆதரவுள்ள சங்கத்தை ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாக்குகிறது. மேஜை இன்னும் சுருங்குகிறது. ஆகவே தகராறு எழுப்ப யார் சம்மதமும் வேண்டாம், முடித்துக்கொள்ளத்தான் சம்மதம் வேண்டும். போனஸ் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன், ஆள்கணக்கு எடுக்கும் மஸ்டரில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். வேலைநீக்க வழக்கில் ராஜி என்றால், நீக்கப்பட்டவர் கையெழுத்தோ கைரேகையோ இல்லாத தாளைத் தொழிலாளர் அலுவலர் வாங்கவே கூடாது.