பதினைந்து நாள் நோட்டீசும் உழைப்பாளியின் கூரையும்

நகர்ப்புற இந்தியாவில் நான்கில் ஒரு பங்கிற்கும் அதிகமான குடும்பங்கள் வாடகை வீடுகளில் வாழ்கின்றன என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தந்த விவரம். பிழைப்புத் தேடி தில்லிக்கும் சூரத்துக்கும் பெங்களூருவுக்கும் சென்ற தொழிலாளர்களில் பலரிடம் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் எதுவும் கிடையாது. வாய்ப்பேச்சு, முன்பணம், மாதந்தோறும் கையில் கொடுக்கும் வாடகை, இவ்வளவுதான். ஒப்பந்தம் இருக்குமிடத்திலும் பெரும்பாலும் அது 11 மாதங்களுக்கானதே. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதைத் தவிர்க்கவே இந்தக் கணக்கு.

காலம் குறிப்பிடாத குடியிருப்பு வாடகையை 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் மாதாந்திரக் குத்தகையாகக் கருதுகிறது. வேறு ஒப்பந்தமோ, மாநில வாடகைச் சட்டமோ குறுக்கிடாதவரை, 15 நாள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுத்து எத்தரப்பும் அதை முடித்துக்கொள்ளலாம். சட்டத்தின் பார்வையில் இது சமமான உரிமை. நடைமுறையிலோ, வீட்டு உரிமையாளர் இழப்பது ஓரிரு மாத வாடகை. தொழிலாளி இழப்பது பிள்ளைகளின் பள்ளியையும் வேலைக்கு அருகிலிருந்த இருப்பிடத்தையும்.

இந்த ஏற்றத்தாழ்வைக் கட்டுப்படுத்தவே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் பிறந்தன. அவை படிப்படியாக நீர்த்துப்போகச் செய்யப்பட்டன. மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் தில்லியின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என 1988இல் திருத்தப்பட்டது. விலைவாசி பன்மடங்கு உயர்ந்த பின்னரும் அவ்வரம்பு மாறவில்லை. 2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. பத்து மாத முன்பணம் கேட்கும் பெங்களூரு வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது வரவேற்கத்தக்கதே. ஆனால் வாடகைக்கு உச்சவரம்பு எதையும் அது விதிக்கவில்லை. காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் முதல் இரு மாதங்களுக்கு இரு மடங்கும், அதன்பின் நான்கு மடங்கும் வசூலிக்க வழிசெய்கிறது.

கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 29 அன்று, தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக்கூடாது என ஒன்றிய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. அதை நடைமுறைப்படுத்தும் ஏற்பாடும் இல்லை, வாடகையையே நம்பி வாழும் சிறு உரிமையாளர்களுக்கு இழப்பீடும் இல்லை. கூலியும் கூரையும் இழந்தவர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்ததை நாடே பார்த்தது.

இருக்கின்ற உரிமைகளையேனும் மக்கள் அறிந்திருக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் உரிமையாளர் வாடகையைப் பெற்றுக்கொண்டால், குடியிருப்புக் குத்தகை பொதுவாக மாதாந்திரமாகத் தொடரும். நோட்டீஸ் காலம் முடிந்துவிட்டது என்பதற்காகப் பூட்டை உடைக்கவோ, பொருட்களை வீதியில் எறியவோ எவருக்கும் உரிமையில்லை; சட்ட நடைமுறைப்படியே வெளியேற்ற முடியும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 1963இன்படி ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடர்ந்து உடைமையை மீட்கலாம். இதற்கெல்லாம் ஆதாரம் தேவை. வாடகை ரசீதும், முன்பணத் தொகை குறிக்கப்பட்ட எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் குடியிருப்பவருக்கு மட்டுமின்றி, ஓர் அறையை வாடகைக்கு விட்டு வாழும் ஓய்வுபெற்ற தொழிலாளிக்கும் பாதுகாப்பே.

சிறு உரிமையாளரைக் குடியிருப்போருக்கு எதிரியாக நிறுத்துவது பிரச்சனையின் வேரை மறைக்கும். 2011 கணக்கெடுப்பின்படி நகரங்களில் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. வீடு ஊகவணிகச் சரக்காக இருக்கும்வரை, உழைப்பாளியின் கூரை மாதக் கெடுவில்தான் தொங்கும். அரசே கட்டித் தரும் வாடகைக் குடியிருப்புகள், வாடகைக்கு நியாயமான உச்சவரம்பு, எளிதில் அணுகக்கூடிய தீர்ப்பாயங்கள் ஆகிய கோரிக்கைகளைக் கட்சிக் கிளைகள் முன்னெடுக்க வேண்டும். ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் வாடகைதாரர்களைச் சங்கமாகத் திரட்டுவதே அதற்கான முதல் பணி.